ஏழாவது ஊஞ்சலில் ஆடாதவர்கள்

சதுக்கத்தில் ஒன்பது ஊஞ்சல்கள் தொங்கின. ஊஞ்சல் என்று சொன்னால் கலாசாரப் பிரிவில் முகம் சுளிப்பார்கள். பக்கத்தில் நட்ட பலகையில் ‘பொதுவெளிக் கூட்டிசைச் சிற்பம்’ என்று எழுதி, அதன் கீழே ‘நாம் எனும் நாதம்’ என்று பெயர் வைத்து, அதற்கும் கீழே பதினெட்டு வரிகளில் விளக்கம் கொடுத்திருந்தார்கள். பதினெட்டையும் படித்து முடித்தவர்கள் ஊரில் இரண்டே பேர். ஒருவர் அதை எழுதியவர். இன்னொருவர் அந்தப் பலகைக்குச் சட்டம் பற்றவைத்த வெல்டர். சட்டம் சூடு ஆறும்வரை அவருக்கு வேறு வேலை இருக்கவில்லை.

ஊஞ்சல்களைச் செய்ததும் அதே வெல்டர்தான். யோசனை மட்டும் தாடி வைத்த ஒரு கலைஞருடையது. தாடிக்கு முறையான பெயர் ஒன்று உண்டு. அழைப்பிதழில் அது பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. பட்டறையில் யாரும் அதை உபயோகிக்கவில்லை. “தாடி வந்துட்டாரு” என்றால் போதும், எல்லாரும் முகத்தை மரியாதையாக மாற்றிக்கொள்வார்கள்.

தாடியின் யோசனை இது. ஊஞ்சலுக்குச் சங்கிலி கிடையாது. பலகையின் இரு பக்கமும் இரும்புக் குழாய். மேலே உத்தரத்தில் ஒவ்வொரு ஊஞ்சலுக்கும் ஒரு சின்னச் சுத்தியல். ஊஞ்சல் முன்னே போய்த் திரும்பும்போது அது வலதுபக்கக் குழாயை ஒரு தட்டுத் தட்டும். குழாய்க்கு ஒரு சுரம். ஒருவர் மட்டும் ஆடினால் யாரோ பொறுமையில்லாமல் வாசல் மணியை அடிப்பது போல இருக்கும். ஒன்பது பேர் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து ஆடினால் ஒரு மெட்டு வரும். தட்டுவதற்கென்று தனியாகச் சில குழாய்களைத் தொங்கவிட்டால் வேலை சுலபம் என்று வெல்டர் சொல்லிப் பார்த்தார்.

“மாஸ்டர், மனுசனைத் தாங்குற எலும்புலேருந்துதான் சங்கீதம் பொறக்கணும். இல்லன்னா அது அலங்காரம்” என்றார் தாடி.

வெல்டர் எலும்பைச் செய்துகொடுத்தார். குழாயின் சுவர் மூன்று மில்லிமீட்டர் கனம். மூன்று ஆள் தொங்கினாலும் அசையாது. திறப்புவிழாவுக்கு முந்தைய நாள் காலையில் பாதுகாப்புச் சான்றிதழில் அப்படித்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தொழிலில் வேலை செய்தவனே கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துக்குப் பக்கத்தில் லைசென்ஸ் எண்ணையும் போட வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டபோது அதில் பொய் ஒன்றும் இல்லை.

பொய் வந்தது பிற்பகல் மூன்று மணிக்கு.

தாடி கைப்பேசியில் சுரம் காட்டும் கருவியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு குழாயாகத் தட்டிக்கொண்டே போனார். ஆறு வரைக்கும் தலையாட்டினார். ஏழில் நின்றுவிட்டார்.

“இது தூக்கலா இருக்கு மாஸ்டர்.”

“எவ்வளவு?”

“உங்களுக்குக் கேக்கலயா?”

கேட்டது. அதுதான் வினை. இருபத்தாறு வருடம் இரும்பைத் தட்டிப் பார்த்தே உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று கண்டுபிடித்த காது அவருடையது. குழாயை நீட்டினால் சுரம் இறங்கும். ஆனால் ஏழாவது பலகை மட்டும் தரையைத் தொடும், சமத்துவம் கெட்டுவிடும் என்றார் தாடி. வேறு குழாய் போட இரண்டு நாள் ஆகும், விழா நாளைக்கு. நடுவில் கொஞ்சம் தேய்த்து மெல்லிசாக்கினால் சுரம் இறங்கும் என்பதைச் சொன்னது யார் என்று பிற்பாடு அவர் பலமுறை யோசித்துப் பார்த்தார். தாடிதான் சொன்னார் என்று நினைக்கவே மனம் விரும்பியது. சொன்னது அவரேதான்.

இரும்பு தேய்க்கும் கிரைண்டரை எடுத்தார். தேய்த்துத் தட்டினார். இறங்கியது. இன்னும் தேய்த்தார். தாடி கண்ணை மூடிக்கொண்டு, “இன்னும், இன்னும் ஒரு இழை” என்றார். பத்து நிமிடத்தில் அது வந்து உட்கார்ந்தது, சாவி பூட்டில் திரும்புவது போல. ஒன்பதையும் வரிசையாகத் தட்டிக் கேட்டபோது வெல்டருக்கே உடம்பு சிலிர்த்தது. தாடி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “நீங்க வெல்டர் இல்ல மாஸ்டர், நீங்க ஒரு வாத்தியக்காரர்” என்றார்.

இருபத்தாறு வருடத்தில் அவரை யாரும் அப்படி எதுவும் அழைத்ததில்லை. ‘ஏம்பா வெல்டர், இங்க வா’தான். அந்த ஒரு வார்த்தைக்காக, தட்டிப் பார்க்காமலே, இன்னும் இரண்டு இழுப்பு இழுத்து வழவழவென்று முடித்து, மேலே பெயின்ட் அடித்துவிட்டு வீட்டுக்குப் போனார். போகும் வழியில்கூட அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மறுநாள் உறைத்தது. கலாசாரப் பிரிவின் துணை இயக்குநர், எல்லாரும் ‘மேடம்’ என்று அழைப்பவர், “தனிமையின் காலத்தில் ஒரு சமூகம் ஆடத் தொடங்குகிறது” என்று நாற்பது நிமிடம் பேசினார். அதற்குள் சமூகம் வெயிலில் வாடிவிட்டது. பேச்சு முடிந்ததும் ஒன்பது பேரை ஆடச் சொன்னார்கள். வெல்டரின் மனைவி ஓடிப்போய் ஏழாவதில் உட்கார்ந்தாள். அவள் துணி திருத்தித் தைப்பவள்; நாள் முழுக்க மெஷினில் குனிந்தே இருப்பவள். காலை நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்து அவள் ஆடியபோது பக்கத்திலிருந்த யாரோ கேட்டார், “அந்த ஊஞ்சலு நல்லா கெட்டியா இருக்குமா?”

வெல்டர் வாயைத் திறந்தார். மூன்று மில்லிமீட்டர் என்று சொல்ல வந்தவருக்கு நாக்கு எழவில்லை. கிரைண்டரின் இழுப்புகளை மனதுக்குள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். மூன்றில் இரண்டு போயிருக்கும். மீதி ஒன்று. ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம்.

“ஏங்க, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்திருக்கு? நான் என்ன அவ்வளவு கனமா?” என்று இறங்கி வந்த மனைவி சிரித்தாள்.

அன்று மாலை அவளிடம் சொன்னார். அவள் கையிலிருந்த கால்சட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“இப்பவே போய்ச் சொல்லிட்டு வாங்க.”

“சொன்னா லைசென்ஸ் போயிடும். கையெழுத்து என்னோடது.”

“நான் ஏறி உட்கார்ந்தப்ப உங்களுக்குத் தெரியும்தானே?”

“நீ உட்கார்ந்த அப்புறம்தான்...”

“இறங்குன்னு ஒரு வார்த்தை சொல்லல.”

அவர் பட்டறைக்குப் போனார். பட்டறையில் வேலை ஒன்றும் இல்லை.

அடுத்த நாள் ‘பழுது’ என்று ஓர் அட்டையில் எழுதி ஏழாவது ஊஞ்சலில் கட்டினார். அரை மணி நேரத்தில் அதை அவிழ்த்துவிட்டார்கள். அவிழ்த்தவள் மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண். சட்டையின் முதுகில் ‘பங்கேற்பு ஊக்குநர்’ என்று எழுதியிருந்தது. வெறுமனே நிற்பவர்களைப் பார்த்துச் சிரித்து, கையைப் பிடித்து இழுத்துவந்து, ஊஞ்சலில் உட்காரவைத்து மகிழவைப்பது அவள் உத்தியோகம்.

“எழுத்துல உத்தரவு இல்லாம பழுதுன்னு போடக் கூடாது அங்கிள். அப்புறம் கணக்குல எட்டு ஊஞ்சல்னு ஆயிடும். எட்டுக்கு மெட்டு வராது.”

போல்ட்டைக் கழற்றிவிடலாம் என்று ஸ்பேனரோடு போனார். காவலாளி அவரைப் பார்த்துச் சிநேகமாகச் சிரித்துவிட்டு, கம்பத்திலிருந்த கேமராவைக் காட்டினான். பொதுச்சொத்து. சட்டைப் பைக்குள் ஸ்பேனரைப் போட்டுக்கொண்டு திரும்பினார்.

ஒரு வாரம் போனது. மாலையில் சதுக்கம் நிரம்பி வழிந்தது. மெய்யாகவே நன்றாகத்தான் இருந்தது. அதை மறுத்தால் பாவம். முன்பின் தெரியாதவர்கள், “அண்ணே, கொஞ்சம் மெதுவா, நீங்க முந்துறீங்க”, “அக்கா, இப்ப நீங்க” என்று கூப்பிட்டுக்கொண்டு ஆடினார்கள். ஒரே கட்டடத்தில் பத்து வருடம் பேசாமல் இருந்த இரண்டு பேர் மூன்றாவதிலும் நான்காவதிலும் உட்கார்ந்து பேசாமலே தாளம் போட்டார்கள். வெல்டர் மட்டும் ஏழாவது சுரத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். அது இறங்கிக்கொண்டிருந்தது. முதல் நாள் இருந்த இடத்தில் இல்லை. மயிரிழைதான், ஆனால் இறங்கியிருந்தது. தேய்த்தபோது இறங்கிய சுரம், யாரும் தேய்க்காமலே இறங்குகிறது என்றால் உள்ளே ஏதோ விரிகிறது.

தாடியிடம் போனார்.

“சார், ஏழு எறங்குது.”

தாடி தலையைச் சாய்த்துக் கேட்டார். அவருக்கும் கேட்டது. முகத்தில் ஒரு விநாடி ஏதோ ஓடியது. பிறகு அது தாடிக்குள் மறைந்துவிட்டது.

“உலோகம் பழகுது மாஸ்டர். மக்கள் தொட்டுத் தொட்டு அதைத் தங்களோட சுரத்துக்குக் கொண்டுவர்றாங்க. இதைப் பத்தி நான் ஒரு கட்டுரை எழுதணும்.”

“கட்டுரை எழுதறதுக்குள்ள யாராவது விழுந்துடுவாங்க சார்.”

“நாம ரெண்டு பேரும் சேர்ந்துதான் தேய்ச்சோம்” என்றார் தாடி, திடீரென்று சின்னக் குரலில். அன்றுதான் முதல்முறையாக அவர் அந்த வேலையில் பங்கு கேட்டார்.

மறுநாளிலிருந்து வெல்டர் நாலரை மணிக்கே பட்டறையை மூடிவிட்டுச் சதுக்கத்துக்குப் போனார். ஏழாவது ஊஞ்சலில் உட்கார்ந்தார். பாரத்தில் பாதிக்குமேல் தன் காலில் வாங்கிக்கொண்டு, இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி ஊன்றி, ஆடாமல் உட்கார்ந்தார். இரவு எட்டுக்கு வாசலைப் பூட்டும்வரை எழுந்திருக்கவில்லை. பகலில் மனைவி வந்தாள். பத்து மணிக்குக் கதவு திறந்ததும் முதல் ஆளாக நுழைந்து, ஏழாவதில் அவரைப் போலவே காலை ஊன்றி உட்கார்ந்து, மடியில் துணியைப் போட்டு மடிப்புத் தைத்தாள். நாலரைக்கு அவர் வந்ததும் ஊசியை உடையில் குத்திக்கொண்டு எழுந்துகொள்வாள். அவள் எழுந்திருக்கும்போதே அவர் உட்கார்ந்துவிட வேண்டும். ஒரு மூச்சு இடைவெளி விட்டால் யாராவது குதித்து ஏறிவிடுவார்கள்.

“கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வரட்டுமா?” என்று ஒருநாள் கேட்டார்.

“குடிச்சிட்டு வந்து என்னை மாத்தியிருக்கலாமே. நான் காலையிலேருந்து இங்கதான் இருக்கேன்” என்றாள். அவள் குரலில் இன்னும் அந்த முதல் நாள் இருந்தது. தைத்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்க்காமல் பேசுவாள்.

ஊருக்குக் கோபம் வந்தது. எட்டுச் சுரத்துக்கும் ஒரு மெட்டு உண்டு. ஆனால் அது படிக்கட்டில் ஒரு படி இல்லாமல் இறங்குவது போல, கேட்பவனைத் தடுக்கி விழவைக்கும். “பெரியவரே, ஆடுங்க, இல்லன்னா எழுந்திருங்க” என்றார்கள். “சமூக விரோதி” என்று ஒருவர் முணுமுணுத்தார். மஞ்சள் சட்டைப் பெண் தினமும் வந்து அவர் கையைப் பிடித்து இழுத்தாள். “அங்கிள், சின்னதா ஒரு ஆட்டம். உங்களாலதான் எல்லாரும் சோகமா இருக்காங்க.” தன்னால்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

கலாசாரப் பிரிவில் இதற்காகவே ஒரு கூட்டம் போட்டார்கள். மனைவியின் தம்பி அங்கே எழுத்தராக இருந்தான். அவன் வந்து சொன்னான்.

“மாமா, உங்களுக்கு ஃபைல்ல பேரு வச்சிருக்காங்க. ‘ஆடாத பங்கேற்பாளர்கள்’. உங்களை எப்படி மகிழவைக்கறதுன்னு ஒண்ணரை மணி நேரம் பேசினாங்க. எழுப்பறதுக்கு விதியில்ல. உட்கார்றது ஒரு வகைப் பங்கேற்புன்னு ஒருத்தர் சொல்லிட்டாரு.”

“டேய் மச்சான், உங்க மேடத்தை நான் பாக்கணும்.”

“எதுக்கு?”

எதற்கு என்று சொன்னார். அவன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை போய்ப் பார்த்தார். ஒரு தாளில் நான்கு வரி எழுதி எடுத்துப்போயிருந்தார். ஏழாவது குழாயை நான் தேய்த்தேன். சான்றிதழ் கொடுத்த பிறகு தேய்த்தேன். ஒரு மில்லிமீட்டர் மிச்சம் இருக்கலாம். அதை இறக்க வேண்டும். கீழே கையெழுத்து, லைசென்ஸ் எண். மேடம் தாளைக் கையில் வாங்கவில்லை. மேசைமேல் வைக்கவும் விடவில்லை. அவர் நீட்டிப் பிடித்திருக்க, கழுத்தை நீட்டிப் படித்தார்.

“இதை நான் வாங்கினா எனக்குத் தெரிஞ்சதா ஆயிடும்” என்றார்.

“தெரியணும்னுதான் மேடம்...”

“அடுத்த வெள்ளிக்கிழமை வெளியூர்லேருந்து குழு வருது. பன்னிரண்டு ஊர்ல இதே மாதிரி வைக்கிறதா இருக்காங்க. வரைபடமெல்லாம் குடுத்தாச்சு. அது முடியட்டும். சனிக்கிழமை கொண்டுவாங்க, நானே வாங்கிக்கிறேன்.”

“வரைபடத்துல குழாயைத் தேய்ச்சது இருக்கா?”

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருந்தது. ‘ஒலிநயத்துக்காகச் சுவரை மென்மையாக்குதல்’ என்று தாடி அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்.

வெல்டர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படி இறங்கினார். வாங்காததில் உள்ளுக்குள் ஒரு நிம்மதி எழுந்தது. சொல்லியாகிவிட்டது, இனி அவர்கள் பாடு. மூன்றாவது படியிலேயே அந்த நிம்மதி அவருக்கு அருவருப்பாகிவிட்டது. ஆனாலும் அன்றைக்கு அவர் திரும்பி மேலே ஏறவில்லை. நேராகச் சதுக்கத்துக்குப் போய் மனைவியை எழுப்பிவிட்டு உட்கார்ந்தார்.

“வாங்கிக்கிட்டாங்களா?”

“சனிக்கிழமை வாங்குவாங்களாம்.”

“அதுவரைக்கும் அது தாங்குமா?”

அவர் பாதத்தை இன்னும் அழுத்தி ஊன்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை குழு வந்தது. ஒன்பது பேர். ஒன்பது ஊஞ்சலுக்கு ஒன்பது பேர் என்று மேடம் கணக்குப் பார்த்து அழைத்திருந்தார். குழுத்தலைவர் நல்ல ஆகிருதி. நடந்துவரும்போது பக்கத்தில் இருப்பவர்கள் தாமாகவே வழிவிட்டார்கள். எட்டுப் பேர் எட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து, பள்ளிப் பிள்ளைகள் போலக் காலை ஆட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். ஏழாவதில் வெல்டரின் மனைவி ஒரு பாவாடைக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் எழுந்திருக்க முடியுமா அம்மா? ஐயா ஆடணும்” என்றாள் மஞ்சள் சட்டைப் பெண்.

“முடியாது.”

“ஒரே ஒரு நிமிஷம்.”

“என் வீட்டுக்காரர் வரட்டும்.”

வெல்டர் அப்போதுதான் வாசலில் நுழைந்தார். மச்சான் கைப்பேசியில் கூப்பிட்டிருந்தான். மேடம் சிரித்த முகம் மாறாமல் அவர் பக்கம் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, “நாளைக்கு வாங்கிக்கிறேன்னு சொன்னேன்ல. ஒரு ஆட்டம். போட்டோ எடுத்ததும் இறங்கிடுவாரு” என்றார்.

தாடி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி தைப்பதை நிறுத்திவிட்டு, ஊஞ்சலிலிருந்தே புருஷனை நேராகப் பார்த்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றுதான் பார்த்தாள். குழுத்தலைவர் ஊஞ்சல் குழாயைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, “நல்லா இருக்கே, யாரு செஞ்சது?” என்று கேட்டார்.

“நான்தான்” என்றார் வெல்டர். இன்னும் சத்தமாக இன்னொரு தடவை சொன்னார். “நான்தான் செஞ்சேன். இந்தக் குழாயைக் கெடுத்ததும் நான்தான். சத்தம் சரியா வரணும்னு தேய்ச்சேன். நீங்க புடிச்சிருக்கீங்களே, அந்தக் கைக்குக் கீழ ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கு. அதுலயும் விரிசல் விழுந்திருக்கும். கெட்டியா இருக்குன்னு நான் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் ஆபீஸ்ல இருக்கு. அது பொய்.”

குழுத்தலைவர் கையை எடுத்துக்கொண்டார். சுடு பாத்திரத்திலிருந்து எடுப்பது போல எடுத்தார்.

பிறகு நடந்ததைப் பலகையின் பதினெட்டு வரியும் கனவு கண்டிருக்காது. அந்த ஊஞ்சல்களோடு முன்பின் பழக்கமில்லாத எட்டுப் பேர், யாரும் யாருக்கும் சொல்லாமல், ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்து, ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில், பூனை போல எழுந்து நின்றார்கள். கூட்டுச் செயல்பாடு என்று ஏதாவது அந்தச் சதுக்கத்தில் பிசகில்லாமல் நடந்ததென்றால் அது அதுதான். அவர்கள் விட்ட வேகத்தில் எட்டு ஊஞ்சலும் லேசாக ஆடி ஆளுக்கொரு சுரம் தட்டின. மெட்டு வரவில்லை.

“விருந்தாளிங்க முன்னாடியா சொல்றது?” என்று மேடம் கேட்டார். குரல் நடுங்கியது. கோபத்தில் மட்டும் நடுங்கவில்லை.

“தனியா சொன்னேன் மேடம். நீங்க வாங்கல.”

மனைவி கடைசியாக இறங்கினாள். இறங்கும்போது அவர் கையை நீட்டினார், அவள் பிடித்துக்கொண்டாள். கைக்கு வேலை முடிந்ததும் விட்டுவிட்டாள்.

அரை மணி நேரத்தில் கயிறு கட்டி வாசலை மூடினார்கள். கூடியிருந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தார்கள். இவ்வளவு நல்ல இடத்தை ஒரு ஆள் கெடுத்துவிட்டார் என்பதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே கருத்து. இறக்குவதற்கும் அவரையே கேட்டார்கள். அந்த போல்ட் எந்தப் பக்கம் திரும்பும் என்று வேறு யாருக்கும் தெரியாது. குழாயை இறக்கி, பெயின்டைச் சுரண்டி, அறுத்து, வெர்னியர் அளவுகோலில் சுவரின் கனத்தை அளந்தார். முக்கால் மில்லிமீட்டர். அதில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு விரிசல். பிறகு மற்ற எட்டையும் ஒவ்வொன்றாகத் தட்டித் தடவிப் பார்த்தார். இரண்டிலும் ஐந்திலும் வேறு யாரோ தேய்த்த தடம் இருந்தது. அவருடைய கை அவ்வளவு கோணலாக இழுக்காது. தலையைத் தூக்கித் தாடியைத் தேடினார். தாடி போய்விட்டிருந்தார்.

கலாசாரப் பிரிவில் வாக்குமூலம் எழுத மச்சானையே உட்காரவைத்தார்கள். அவன் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அக்காவை ஒருமுறையும் மாமாவை ஒருமுறையும் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினான். லைசென்ஸை மேசைமேல் வைக்கச் சொன்னான். அவர் வைத்தார். ஓரம் மடங்கி, கிரீஸ் படிந்திருந்தது.

“திருப்பி எப்ப குடுப்பாங்க?” என்று மனைவி கேட்டாள்.

“அது விசாரணையைப் பொறுத்தது அக்கா. குடுக்காமலும் போகலாம்.”

அவள் தலையாட்டினாள். மச்சான் படிவத்தில் அடுத்த கட்டத்துக்கு வந்தான்.

“மாமா, ‘குறைபாட்டைத் தானாக முன்வந்து தெரிவித்தாரா, ஆம், இல்லை’ன்னு இருக்கு. ஆம் போட்டுடறேன். அது உங்களுக்கு நல்லது.”

“இரு” என்றார் வெல்டர். “நான் தேய்ச்சு இன்னையோட இருபத்திமூணு நாள் ஆச்சு. இருபத்திமூணு நாள் கழிச்சுச் சொன்னேன்னு எழுது.”

“அதுக்குக் கட்டம் இல்ல மாமா.”

“பக்கத்துல இடம் இருக்குல்ல, அங்க எழுது.”

மச்சான் அக்காவைப் பார்த்தான். அவள் நாற்காலியை இழுத்துப்போட்டுப் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் பேனாவைச் சாய்த்துப் பிடித்து, கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், நெருக்கி நெருக்கி எழுதினான்.